குட்டி ரியூசன் ஆகாமல் ஒரு படிப்புக் குழு: புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு குழுப்படிப்பு எப்படிக் கெட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஐந்தாறு பேர் சேர்வார்கள். இரண்டு கிழமை உற்சாகமாகப் போகும். மூன்றாம் கிழமை, இருப்பவர்களில் கெட்டிக்காரப் பிள்ளை மார்க்கரைக் கையில் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நிற்கும். மற்றவர்கள் கொப்பியைத் திறந்து பார்த்து எழுதத் தொடங்குவார்கள். அதோடு அது குழு இல்லை, காசு வாங்காத குட்டி ரியூசன். "உதுக்கு நேரே ரியூசனுக்கே போகலாமே" என்று ஒருவர் வராமல் நிற்பார், அப்புறம் இன்னொருவர், கடைசியில் சொல்லிக்கொடுத்த பிள்ளையும் களைத்துப்போய் நின்றுவிடும்.

இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலத்திலிருந்தே மண்டபம் நிறைய வாங்கு போட்டு, மைக் பிடித்த சேருக்கு முன்னால் இருந்து படித்துப் பழகியவர்கள் நாங்கள். ஒருவர் கதைக்க மற்றவர்கள் எழுதுவதுதான் படிப்பு என்று கைக்கே பழகிப்போயிற்று. குழுவுக்குப் பொறுப்பெடுக்கிற நீங்கள் பெரும்பாலும் மல்லுக்கட்டப் போவது இந்தப் பழக்கத்தோடுதான்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளைகள், கம்பஸில் குப்பி (மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது) வைக்கிறவர்கள், சனசமூக நிலையத்தில் ஆங்கிலமோ கணினியோ சேர்ந்து பழகலாம் என்று இறங்கும் பெரியவர்கள் என எல்லாருக்கும் கீழே சொல்வது பொருந்தும். உதாரணங்களை ஏ.எல். பக்கமிருந்தே எடுக்கிறேன். எங்கள் ஊரில் அதிகம் தொடங்கி அதிகம் உடைகிற குழுக்கள் அவைதான்.

ஆக்களும் இடமும்

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். நாலு பேரும் பரவாயில்லை, ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று பேராகிவிடும். எட்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரே பாடப்பிரிவு என்பது கட்டாயம். ஒரே அளவு புள்ளி எடுக்கிறவர்களாக இருக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் எழுபத்தைந்துக்கு மேலும் இன்னொருவர் இருபதிலும் நிற்கிறார் என்றால் இருவருக்கும் இடையில் சேர் - மாணவர் உறவுதான் வரும். புள்ளியைவிட நான் கூடப் பார்ப்பது ஒன்றுதான்: "ஏன் அப்படி?" என்று வெட்கப்படாமல் கேட்கிற ஒரு ஆளாவது உள்ளே இருக்க வேண்டும்.

ஆக்களைச் சேர்க்கும்போதே வீட்டுப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். "உன்ர நோட்ஸை ஏன் மற்றவைக்குக் குடுக்கிறாய்?" அம்மாமார் இதைச் சும்மா கேட்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிகிறது. ஆக, பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளையும் இதே மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத்தான் எட்டிப் பார்க்கிறது. இந்தப் பயத்தை மூடி வைத்தால் அது நோட்ஸை ஒளிப்பதாக, "எனக்கும் தெரியாது" என்ற பொய்யாக வெளியே வரும். முதல் நாளே வெளிப்படையாகக் கதைத்துவிடுங்கள். மாவட்டம் முழுவதிலுமிருந்து சோதனைக்கு இருக்கும் பிள்ளைகளில் நீங்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒருவருக்கொருவர் மறைப்பதால் வெட்டுப்புள்ளி இறங்கப் போவதில்லை.

இதற்குப் பக்கபலமாக ஒரு பழைய கதை இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், கணிதத்தில் சில பிள்ளைகள் ஏன் மேலே போகிறார்கள், சிலர் ஏன் சறுக்குகிறார்கள் என்று யூரி திரைஸ்மன் என்பவர் கூடவே இருந்து கவனித்தார். சறுக்கிய பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, மணிக்கணக்காகப் படித்தவர்கள்தான், ஆனால் தனியே. நன்றாகச் செய்தவர்களில் பலர் தனியே செய்துவிட்டுப் பிறகு சேர்ந்து இருந்து, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தார்கள். அதை வைத்து அவர் தொடங்கிய பயிற்சிக் குழுக்களில், தனியே சறுக்கிக்கொண்டிருந்த மாணவர்கள் நன்றாகவே மேலே வந்தார்கள். தனியே செய்துவிட்டுப் பிறகு சேர்ந்து இருப்பது என்ற அந்த வரிசையை மட்டும் மனதில் வையுங்கள். கீழே திரும்பவும் தேவைப்படும்.

இனி இடம். ஒருவர் வீட்டில் வைப்பது சுலபம், அம்மாவின் பிளேன்ரீயும் வடையும் கிடைக்கும். ஆனால் யாருடைய வீடு என்பதே ஒரு செல்வாக்கு. வீட்டுக்காரப் பிள்ளையின் சொல்லுக்கு ஒரு எடை கூடிவிடும். அதோடு யார் வீட்டு விறாந்தை என்பதைப் பொறுத்துச் சிலர் வரமாட்டார்கள், சிலரை வீட்டார் விடமாட்டார்கள். காரணத்தை ஒருவரும் வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். சாதி போய்விட்டது என்று நாங்கள் மேடையில் சொல்வதைப் படிப்புக் குழுக்கள் நம்புவதில்லை. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்தில், ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் நூறு வருடத்துக்கு முன்னரே இதோடு மோதியிருக்கிறார்கள். 1927இல் காந்தியையே இங்கே அழைத்து வந்தவர்கள் அவர்கள். அவ்வளவு பெரிய வேலை உங்களிடம் கேட்கவில்லை. எல்லாரும் கூச்சமில்லாமல் வந்து இருக்கக்கூடிய பொது இடமாகப் பாருங்கள், போதும்.

சனசமூக நிலையம் நல்ல தெரிவு. பின்னேரத்தில் பேப்பர் பார்க்கிறவர்களும் கரம் விளையாடுகிறவர்களும் இருப்பார்கள் என்பதால், நிர்வாகத்தோடு கதைத்துச் சனி, ஞாயிறு காலமையில் கேளுங்கள். கூட்டிப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்று நீங்களாகவே சொன்னால் அநேகமாகத் தருவார்கள். பொதுநூலகம் தனியே வாசிக்கத்தான் நல்லது, ஆறு பேர் சத்தமாக வாதாட அது இடமில்லை. பாடசாலை வகுப்பறை என்றால் அதிபரின் அனுமதி வேண்டும்.

கதிரைகளை வரிசையாகப் போடாதீர்கள். வரிசை போட்டால் முன்பக்கம் ஒன்று உண்டாகும், முன்பக்கம் உண்டானால் அங்கே ஒரு சேர் முளைப்பார். பாயை விரித்து வட்டமாக இருங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, சைக்கிளில் வருகிற பெண் பிள்ளைகள் இருட்டுப்பட முன்னர் வீடு போய்ச் சேர்வதுபோல வையுங்கள். இதைக் கவனிக்காத குழுக்களிலிருந்து முதலில் காணாமல் போவது அவர்கள்தான், பிறகு "அவைக்கு விருப்பமில்லை" என்று பெடியள் கதைப்பார்கள். நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வரவு குறையும். அதற்கு ஏற்றபடி முன்னரே திட்டம் போடுங்கள், சண்டை பிடிக்காதீர்கள்.

முதல் நாள்: தலைவர் தெரிவு வேண்டாம்

எங்கள் ஆக்கள் நாலு பேர் கூடினால் ஒரு நிர்வாக சபை பிறக்கும். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர், கணக்காய்வாளர். ஆறு பேர் உள்ள குழுவுக்கு ஏழு பதவி. முதல் நாள் முழுக்க இதிலேயே போய்விடும், விரும்பிய பதவி கிடைக்காத ஒருவருக்கு மனவருத்தமும் மிச்சம்.

பதவிக்குப் பதிலாக வேலையைப் பிரியுங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று வேலை இருக்கிறது. ஒருவர் கேள்விகளைத் தெரிவுசெய்து கொண்டு வர வேண்டும், ஒருவர் நேரம் பார்க்க வேண்டும், ஒருவர் முடிவில் எது இன்னும் விளங்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்றும் கிழமைக்குக் கிழமை ஆள் மாற வேண்டும். ஒழுங்குபடுத்துபவர் என்ற பெயரில் நீங்கள் செய்ய வேண்டியது, இந்தச் சுழற்சி நிற்காமல் பார்ப்பது. கெட்டிக்காரப் பிள்ளை நேரம் பார்க்கிற நாளும், ஒருபோதும் வாய்திறக்காத பிள்ளை கேள்வி தெரிவுசெய்து வருகிற நாளும் வரும்போது குழுவின் முகமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அப்படியென்றால் உங்கள் சொல்லை ஏன் அவர்கள் கேட்க வேண்டும்? 1959இல் பிரெஞ்ச், ரேவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒருவர் மற்றவரை அசைக்கும் வழிகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பரிசு, தண்டனை, பதவி, அறிவு, அந்த ஆள் மேலுள்ள மதிப்பும் விருப்பும். ரியூசன் சேரிடம் ஐந்தும் இருக்கும். உங்களிடம் முதல் மூன்றும் கிடையாது. ஒருவர் வராவிட்டால் உங்களால் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப முடியாது, வந்தால் கொடுக்கப் பரிசும் இல்லை. அறிவில் உங்களைவிடக் கூடியவர் குழுவில் இருக்கலாம். மிஞ்சுவது மதிப்பு. அது பேச்சால் வருவதில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நீங்கள் அங்கே நிற்பது, சொன்ன கேள்வியைச் செய்துகொண்டு வருவது, எல்லாவற்றையும்விட "எனக்கு இந்த இடம் விளங்கேல்லை" என்பதை முதலில் நீங்கள் சொல்வது என்று சின்னச் சின்ன விசயங்களில்தான் அது சேரும். எங்கள் பிள்ளைகள் "விளங்கினதோ?" என்றால் "ஓம்" என்று சொல்லப் பழகியவர்கள். விளங்காவிட்டாலும் ஓம்தான். பொறுப்பாக இருப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது வரும்.

கூப்பிடுவதிலும் ஒரு கவனம் தேவை. வயது வித்தியாசம் இருந்தால் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று வீட்டில் போலவே இருக்கட்டும். சீனியர் ஒருவர் குப்பி வைக்கும்போது பகிடிக்குக்கூட "சேர்" என்று கூப்பிட விடாதீர்கள். பகிடியாகத் தொடங்கும், இரண்டு நாளில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒன்றரை மணித்தியாலத்தை எப்படிக் கொண்டுபோவது

இதுதான் முக்கியமான இடம், ஆறுதலாக வாசியுங்கள்.

பௌதிகவியல் பல்தேர்வு ஒன்று. "ஒரு கல் நிலைக்குத்தாக மேலே எறியப்படுகிறது. அது உச்சியை அடையும் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன?" பாயில் ஆறு பேர் இருக்கிறார்கள். கேள்வியை வாசித்து முடிய முன்னரே வேகமான பெடியன், "பூச்சியம், அங்க அது நிக்குதுதானே" என்கிறான். அவன்தான் போன தவணை கூடப் புள்ளி எடுத்தவன். எதிரில் இருக்கும் பிள்ளை தன் கொப்பியில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு g என்று எழுதியிருக்கிறாள். அதுதான் சரி. வேகம்தான் அந்தக் கணத்தில் பூச்சியம். புவியீர்ப்பு ஆர்முடுகல் உச்சியிலும் கீழ்நோக்கி இருந்துகொண்டே இருக்கும், இல்லாவிட்டால் கல் திரும்பி விழவே மாட்டாது. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழிறப்பரை எடுத்து, மெதுவாக, அம்புக்குறியை அழிக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்துத் தானும் பூச்சியம் என்று எழுதுகிறான். அரை நிமிடத்தில் ஆறு பேரும் ஒரே விடை. நேரம் பார்ப்பவர் "சரி, அடுத்தது" என்கிறார்.

இது கோழைத்தனம் இல்லை, மனித இயல்பு. 1950களில் சொலமன் அஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமநீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் அவர் முன்னரே பேசி வைத்த ஆக்கள், ஒரே குரலில் பிழையான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழையைச் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் தெரியும் கோட்டிலேயே இப்படி என்றால், ஆர்முடுகலில் எப்படி இருக்கும்?

அஷ் செய்து பார்த்த இன்னும் இரண்டு மாற்றங்கள் எங்களுக்குக் கூடப் பயன்படும். கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், பணிந்துபோவது பெருமளவு குறைந்தது. விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் குறைந்தது. ஆகவே குழுவில் முதல் சட்டம் இதுவாக இருக்கட்டும்: எல்லாரும் எழுதி முடிக்கும் வரை ஒருவரும் விடையைச் சொல்லக் கூடாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கேள்வியை ஒருவர் வாசிக்கட்டும். பல்தேர்வு என்றால் இரண்டு நிமிடம், அமைப்புக் கட்டுரை என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வாய் திறக்காமல் தனியே செய்யுங்கள். நேரம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரலால் விடையைக் காட்டுங்கள், ஏ.எல். பல்தேர்வில் ஐந்து தெரிவுதானே, ஒரு கை போதும். எல்லாரும் சரி என்றால் நேரத்தை வீணாக்காமல் கடந்து போங்கள். ஒருவரும் சரியில்லை என்றால் வாதாடியும் பயனில்லை, புத்தகத்தைத் திறவுங்கள். பிரிந்து நின்றால்தான் நல்ல சாமான் கிடைத்திருக்கிறது. வேறு வேறு விடை காட்டிய இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, மற்றவரைத் தன் விடைக்கு இழுக்கப் பார்க்கட்டும். மூன்று நிமிடம். அப்புறம் திரும்பவும் விரல். விடை பிரிந்து நின்ற கேள்விக்குப் புள்ளித்திட்டத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்ட்டில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் தன் பெரிய வகுப்புகளில் இதைத்தான் கொண்டுவந்தார். தான் வடிவாக விளங்கப்படுத்தியும் பிள்ளைகளுக்கு அடிப்படையே விளங்கவில்லை என்று கண்டு, ஒருவருக்கொருவர் சொல்லவிட்டார். சற்று முன்னர்தான் விளங்கிக்கொண்ட ஒருவருக்கு, மற்றவர் எந்த இடத்தில் இடறுகிறார் என்பது தெரியும். பல வருடம் கற்பித்தவருக்கு அந்த இடம் மறந்துபோயிருக்கும்.

பலகைக்குப் போவது யார்? சரியாகச் செய்தவரை அனுப்பாதீர்கள். முதலில் பிழையாகக் காட்டிப் பிறகு மாறியவரை, "எது உம்மை மாத்தினது?" என்று கேட்டு அனுப்புங்கள். மார்க்கர் அவர் கையில் இருக்கட்டும். அவர் தடுமாறும்போது வேகமான பெடியன் பாய்ந்து போய் மார்க்கரைப் பறிக்கப் பார்ப்பான். அந்த இடத்தில் நீங்கள் ஒரு பார்வையாலோ "பொறு தம்பி" என்ற ஒரு சொல்லாலோ அவனை இருத்த வேண்டும். உங்கள் தலைமை முழுவதும் அந்த இரண்டு செக்கனில் இருக்கிறது என்று சொன்னாலும் பிழையில்லை.

செக்கன் என்று சும்மா சொல்லவில்லை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக வாய்திறக்கும் பிள்ளைகள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. மூன்று செக்கன் மௌனம் குழுவில் இருக்கும்போது மூன்று நிமிடம்போல இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருங்கள்.

இணைந்த கணிதத்துக்கு இந்த முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பகுதி B கேள்வி ஒன்றை ஆறு பேர் சேர்ந்து செய்வது வீண்வேலை, ஒருவர் எழுத ஐந்து பேர் தலையாட்டுவார்கள். முழுக் கேள்வியையும் வீட்டில் தனியே செய்துவாருங்கள். குழுவில் கொப்பிகளை மாற்றி, மற்றவர் எந்த வரியில் வழிமாறினார் என்று மட்டும் பாருங்கள். உயிரியல், புவியியல், வரலாறு போன்றவற்றுக்கு வேறொரு வழி இருக்கிறது. அலகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்வது. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், இனப் பகை புகைந்துகொண்டிருந்த வகுப்பறைகளில் எலியட் அரன்சன் இதைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவருக்குத் தேவையான ஒரு துண்டு இருந்ததால், ஒதுக்கப்பட்ட பிள்ளையின் வாயையும் மற்றவர்கள் பார்க்க வேண்டி வந்தது. ஒரு நிபந்தனை: ஒருவர் சொல்லி முடித்ததும் அந்தத் துண்டிலிருந்து மற்றவர்கள் பழைய பேப்பர்க் கேள்வி ஒன்று செய்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவரவர் துண்டு மட்டுமே அவரவருக்குத் தெரியும்.

ஆக்களைக் கையாள்வது

வேகமான பிள்ளையை அடக்கினால் அவன் போய்விடுவான். அவன் போனால் குழுவுக்கு நட்டம். அவனுக்குக் கடினமான வேறு வேலை கொடுங்கள்: விடை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டு மற்றவரை அந்த இடத்துக்குக் கொண்டுவா என்று. கெட்டிக்காரர்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம், அதனால் பிடித்துக்கொள்வார்கள்.

வாய்திறக்காத பிள்ளையை எல்லார் முன்னாலும் "நீர் சொல்லும் பார்ப்பம்" என்று இழுப்பது உதவாது. இரண்டு பேராகப் பிரியும் நேரத்தில் அவளைக் கேட்டுப் பாருங்கள். நல்லதாக ஏதாவது சொன்னால், பிறகு பொதுவில், "இவ என்னட்டச் சொன்னதை எல்லாரும் கேக்கட்டும்" என்று வழி விடுங்கள். கலப்புக் குழுவில் பெண் பிள்ளைகள் சொன்ன விடையை இரண்டு நிமிடம் கழித்து ஒரு பெடியன் உரத்துச் சொல்லிப் பெயர் எடுப்பது வழக்கமாக நடக்கும். "அது முதலே அவ சொன்னது" என்று நீங்கள் ஒருதரம் சொன்னால் போதும், அடுத்த தடவை கவனமாக இருப்பார்கள்.

ஒன்றும் செய்யாமல் வந்து கேட்டுக்கொண்டு போகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். கோபப்பட வேண்டாம். கூட்டமாகக் கைதட்டச் சொன்னாலும் சத்தமிடச் சொன்னாலும் ஒவ்வொருவரும் தனியே செய்வதைவிடக் குறைவாகவே செய்வார்கள் என்று லற்றானேயும் கூட்டாளிகளும் 1979இல் காட்டினார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியே தெரியும் என்றால் அந்தச் சோம்பல் போய்விடுகிறது. ஆகவே புத்திமதி வேண்டாம். வந்து இருந்ததும் எல்லாரும் செய்துவந்த கேள்வியை நடுவில் வையுங்கள். கொப்பி வெறுமையாக இருந்தால் அதுவே கதைக்கும். இரண்டு மூன்று தடவை தொடர்ந்து வெறுமை என்றால் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டில் பிரச்சினையாகவும் இருக்கலாம், பின்னேரம் கடையில் நிற்கிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

வட்ஸ்அப் குழுவும் வேண்டும், ஆனால் கொஞ்சமாக. ஒருவர் கேள்வியைப் படம் எடுத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் முழு விடையையும் போடுவார். மற்ற நாலு பேரும் கைவிரலைக் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் யோசிக்க இருந்த வாய்ப்பு அதோடு முடிந்தது. "அன்று இரவு எட்டு மணிவரை குறிப்பு மட்டும், விடை இல்லை" என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு இன்னொரு குழு திறந்து கொடுத்துவிடலாம்.

வெளியிலிருந்து வருகிற கைகள்

குழு கொஞ்சம் பேர் எடுத்தால் வெளியிலிருந்து அன்பு வரும். ஒரு சேர், "நான் கிழமைக்கு ஒருக்கா வந்து பார்க்கிறன்" என்பார். நல்ல மனம்தான், ஆனால் அவர் வந்து இருந்ததும் பாய் வகுப்பறையாகிவிடும். மாதத்தில் ஒரு நாள், நீங்கள் எழுதிவைத்த "இன்னும் விளங்காதவை" பட்டியலோடு அவரிடம் போங்கள். அவருக்கும் நேரம் மிச்சம், உங்கள் நேரமும் உங்களிடமே இருக்கும்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் புரொஜெக்ரர் வாங்கித் தருகிறேன் என்பார். பேப்பரும் போட்டோக்கொப்பிக் காசும் கேளுங்கள், அதுதான் தேவை. பொருள் பெரிதானால் பெயர்ப்பலகை, படம் எடுப்பு, கையளிக்கும் நிகழ்வு, மங்கல விளக்கு, வரவேற்புரை, நன்றியுரை என்று ஒரு சனிக்கிழமை போய்விடும். அதற்குப் பிறகு குழு என்ன படிக்க வேண்டும் என்பதிலும் ஒரு குரல் தூரத்திலிருந்து கேட்கத் தொடங்கும்.

நீங்கள் இல்லாத நாள்

தொடங்கி ஒன்றரை மாதமளவில் வேண்டுமென்றே ஒரு நாள் போகாமல் இருந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான். கேர்ட் லெவினும் லிப்பிற், வைற் என்பவர்களும் 1930களின் கடைசியில் அமெரிக்காவில் பத்து வயதுப் பெடியள் கழகங்களை வைத்து இதைப் பார்த்தார்கள். சில கழகங்களில் பெரியவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். சிலவற்றில் பிள்ளைகளோடு கலந்து முடிவெடுத்தார். சிலவற்றில் கண்டுகொள்ளாமல் விட்டார். கட்டளையிட்ட இடத்திலும் அவர் நிற்கும்வரை வேலை நன்றாகத்தான் நடந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. அவர் அறையை விட்டு வெளியே போனதும்தான் அங்கே வேலை சட்டென்று விழுந்தது. கலந்து முடிவெடுத்த கழகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த தடவை போய் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். "நீங்க இல்லாததால வைக்கேல்லை" என்றால் சுழற்சி வேலை செய்யவில்லை, வேலைகளைப் பிரிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போங்கள். "வைச்சம், ஆனா சண்டை வந்திட்டுது" என்றால் பரவாயில்லை, எதைப் பற்றிய சண்டை என்று கேளுங்கள். விடையைப் பற்றிய சண்டை என்றால் சந்தோசப்படலாம். ஆளைப் பற்றியது என்றால் அந்த இருவரையும் அடுத்த சில தடவைக்கு ஒரே சோடியாகப் போடாதீர்கள். அதைவிட வேறு சிகிச்சை தேவைப்படாது.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது குழுவாகக் கூடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது தேவைப்படுவது நேரம் வைத்துத் தனியே முழுப் பேப்பர் செய்வது. கிழமைக்கு ஒரு தடவை, திருத்திய தாள்களோடு ஒரு மணித்தியாலம் சந்தித்தால் போதும். எல்லாம் முடிந்தபின் பழைய பேப்பர்கள், புள்ளித்திட்டங்கள், "இன்னும் விளங்காதவை" கொப்பி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, பாடமும் வருடமும் எழுதி, சனசமூக நிலைய அலுமாரியில் வைக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகளில் இரண்டு பேரை உங்கள் கடைசிச் சில கூட்டங்களுக்குக் கூப்பிட்டு ஒரு மூலையில் இருத்துங்கள். ஒரு தரமாவது நேரம் பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.